ஐஸ் மெஷின் எடுக்கப் போன இடத்தில்

இத்தாலிக்குப் போய் வந்தவன் என்றதும் எல்லோரும் கோபுரங்களையும் பழைய கட்டிடங்களையும் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் ஒரு கோபுரமும் பார்க்கவில்லை. பழைய ஐஸ் மெஷின் ஒன்றைக் கழற்றி எடுத்து வரப் போனேன், எடுத்து வந்தேன். பிந்தி வந்தேன். ஏன் பிந்தியது என்று கல்முனைச் சந்தையில் ஆளுக்கொரு கதை ஓடுகிறது. நடந்தது இதுதான்.

எனக்கும் மச்சான் இஸ்மாயிலுக்கும் கடற்கரை வீதியில் ஒரு ஐஸ் கொம்பனி இருக்கிறது. இருந்த மெஷின் செத்துப்போய், ஒரு சீசன் முழுக்க நம் மீன்காரர்கள் தூர ஊரிலிருந்து லொறியில் வரும் ஐஸுக்குக் கைகட்டி நின்றார்கள். லொறி பிந்தினால் மீன் நாறும். நாறிய மீனைக் கருவாட்டு வியாபாரி தன் விலைக்கு அள்ளிப் போவான். பங்குனியில் கடல் அடங்கி வலை இறங்கும்போது ஐஸ் இருக்க வேண்டும். அதற்காகத்தான் மார்கழிக் குளிரில் கப்பல் முகவர் ஒருவர் காட்டிய ஊருக்குப் போனேன்.

முதல் நாளே ரயில் கோச்சி என்னை ஏமாற்றியது. மட்டக்களப்புக் கோச்சி பிந்தும், காட்டுக்குள் நிற்கும், மாடு குறுக்கே படுக்கும். இரண்டாக வெட்டுப்பட்டதை மட்டும் நான் கண்டதில்லை. அங்கே ஒரு நிலையத்தில் முன்பாதியைக் கழற்றி மலைப்பக்கம் அனுப்பிவிட்டார்கள். நான் இருந்த பின்பாதி வேறு திசைக்கு ஓடியது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்கு விளங்கியிருக்காது. எதிரே இருந்த பட்டாளத்துப் பையன் என் சீட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு இரக்கப்பட்டுத் தன் பாணில் பாதியைப் பிய்த்துத் தந்தான். உள்ளே இறைச்சி. வேண்டாம் என்றேன். இறைச்சியை விரலால் தோண்டி எடுத்துவிட்டு மறுபடி நீட்டினான். அதையும் திருப்பிக் கொடுத்தேன். அவன் கோபிக்கவில்லை, பையைக் கிளறித் தோடம்பழம் ஒன்றைக் கையில் வைத்தான். அந்த நாட்டில் என்னோடு கோபிக்காமல் பழகிய முதல் ஆள் அவன். மறு நாள் வேறு கோச்சி பிடித்து, சக்கரத்தில் சங்கிலி கட்டிய பஸ்ஸில் ஏறி மலையூருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பஸ் நின்ற இடத்தில், முகவர் சொல்லி வைத்திருந்த அந்தோனி காத்திருந்தான். நீர்கொழும்பு மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு பாதிரியார் மூலம் வந்து அந்த ஊர் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிறான். தமிழும் தெரியும், அவர்களுடைய பாஷையும் தெரியும். எனக்கு வாய் அவன்தான்.

காற்சட்டைக்கு மேல் சாரனும் கட்டி நின்ற என்னைப் பார்த்து, அண்ணன் முறை வைத்து அவன் சொன்ன முதல் வார்த்தை: "நானா, இந்தக் கோலத்தில நிண்டா உங்கள பெட்டியில போட்டுத்தான் ஊருக்கு அனுப்பணும்."

"எங்கட ஆக்களுக்குப் பெட்டி இல்லடா தம்பி," என்றேன். "மெஷின் எங்க இரிக்கி? அதக் காட்டு முதல்ல."

காட்டினான். சம்மாந்துறை மில்லில் நெல் காயப் போடும் களம் அளவுக்கு ஒரு மண்டபம். தரை முழுக்க ஐஸ். அவ்வளவு ஐஸில் ஒரு மீன் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. நம் கரையில் ஒரு கட்டி ஐஸுக்கு மனிதன் மனிதனைத் தள்ளுகிறான், இங்கே களம் போட்டு வைத்திருக்கிறார்கள். எதற்கென்றால், வழுக்கி விளையாட.

பின்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நம்முடையது போலவேதான். அமோனியா, உப்புத் தண்ணீர், குழாய். நம்மிடம் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் தகரப் பெட்டிகளை இறக்குகிறோம். அவர்கள் உப்புத் தண்ணீரைத் தரைக்குக் கீழே குழாயில் ஓட்டுகிறார்கள். காது வைத்துக் கேட்டேன். வயதான மெஷின், ஆனால் நெஞ்சு சுத்தம். மண்டபத்தை மூடப் போகும் நகரசபையின் அதிகாரி விற்பனைக் கடதாசியை நீட்டினார். மெலிந்த மனிதர், சிரிக்கத் தெரியாதவர். கையெழுத்துப் போட்டேன். நாளைக்கே நிறுத்திக் கழற்றலாம், கிழமை முடிவில் கப்பல். எல்லாம் சரியாக இருந்தது.

அப்போது மண்டபத்தில் தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பதினாறு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பிள்ளை, காலில் கத்தி கட்டிய சப்பாத்து, தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். உடுப்பு குட்டை. நான் காலைப் பார்க்கவில்லை, கத்தியைப் பார்த்தேன். பின்பக்கமாக ஓடி வந்து, துள்ளி, காற்றில் பம்பரமாகச் சுற்றி, இறங்கும்போது விழுந்தாள். எழும்பினாள். மறுபடி அதே இடம், அதே துள்ளல், அதே விழுகை. இடுப்பைத் தடவவில்லை, யாரையும் பார்க்கவுமில்லை. விழுந்த இடத்தைக் கத்தி நுனியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி போனாள்.

"எலேனா," என்றான் அந்தோனி.  அவன் முகம் ஒரு மாதிரி இருந்தது. 

மத்தியானம் ஹோட்டலில் மஞ்சள் சோள மாவில் கிண்டிய களி வைத்தார்கள். உப்பில்லை, உறைப்பில்லை, அழுதுகொண்டு தின்னலாம். என் மனைவி போத்தலில் அடைத்துத் தந்த மாசிச் சம்பலைப் பிரட்டிச் சாப்பிட்டேன். சமையற்காரன் ஒரு விரல் தொட்டு நக்கினான், பிறகு குழாயடியில் வாயை வைத்தபடி நின்றான். நான் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரிய மனுசி வந்தாள். தலையில் உரோமத் தொப்பி. பின்னால் அந்தப் பிள்ளை. மனுசி என் மேசைக்கு நேரே வந்து நின்று கத்தத் தொடங்கினாள்.

"என்னவாம்?" என்று அந்தோனியைக் கேட்டேன்.

"ஒண்டுமில்ல நானா. சுகம் விசாரிக்கிறா."

"பொய் சொல்லாத. சுகம் விசாரிக்கிற முகமா அது? சொன்னதச் சொல்லு."

அவன் எச்சில் விழுங்கினான். "எலேனாவுக்குப் பழக்கிற டீச்சர் இவ. 'எங்கட ஐஸைக் களவெடுக்க வந்தவன் இவன்தானா?' எண்டு கேக்கிறா."

"களவெடுக்க வரல்ல. நகரசபை வித்தாங்க, நான் வாங்கினன். சண்டையெண்டா அங்க போய்ப் புடிக்கச் சொல்லு!"

அங்கே போய்ப் பிடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். மெஷின் வசந்த காலத்தில்தான் போகும் என்று நகரசபை முதலில் சொல்லியிருந்தது. என் கப்பல் கிழமை முடிவில் என்றதும் முந்திவிட்டார்கள். தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வோ இரண்டு கிழமையில் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் வேறு மண்டபம் இல்லை. ஐஸ் இல்லாமல் இரண்டு கிழமை கிடந்தால் அந்தப் பிள்ளை தேர்வுக்குப் போவதும் ஒன்றுதான், போகாமல் விடுவதும் ஒன்றுதான்.

எலேனா டீச்சரைத் தாண்டி முன்னால் வந்தாள். பிறகு நேரே என்னைப் பார்த்துக் கேட்டாள். அந்தோனி மெதுவாகச் சொன்னான்: "உங்கட மீன் ரெண்டு கிழமை பொறுக்காதா எண்டு கேக்கிறா."

"மீனா? மீன் ஒரு பகல் பொறுக்காது எண்டு சொல்லு."

"அவட துள்ளலும் அப்பிடித்தானாம். வளந்துகொண்டு போறாவாம். கால் நீண்டா இந்தத் துள்ளல் வராதாம். இந்த வருசம் விட்டா மறுகா அவ வேற ஆளாம்."

அழுதிருந்தால் எழும்பிப் போயிருப்பேன். அவள் அழவில்லை. கணக்கைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். எனக்கு இன்னும் கோபம் வந்தது. "என்ட ஊர்ல தோணிக்காரன் புள்ளகுட்டியோட காத்திரிக்கான். நான் நாளைக்குக் கழட்டுவன்," என்று சொல்லிவிட்டுக் களியைத் தின்றேன்.

பின்னேரம் நடந்து போகும்போது அந்தோனி மிச்சத்தைச் சொன்னான். தகப்பன் மரம் அரிகிற ஆலையில் வேலை. சிறு வயதில் தமையனின் பழைய சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாள் அடைத்து, உறைந்த குளத்தில் இறக்கிவிட்டார்களாம். அப்படியே பழகி, சுற்றுவட்டாரப் போட்டி எல்லாம் வென்றவள். போன குளிர் காலத் தேர்வில் கணுக்கால் பிரண்டு பாதியில் வெளியே வந்தாள். இந்தத் தடவை முதல் மூவரில் ஒருத்தியாக வந்தால் அரசாங்கமே பட்டணத்தில் வைத்துப் பழக்கும், வெளிநாடுகளுக்குக் கொண்டுபோகும். வராவிட்டால் மூக்குக்கண்ணாடித் தொழிற்சாலையில் அவளுக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

"கெட்ட வேலை இல்லையே," என்றேன்.

"இல்ல நானா, நல்ல வேல. கதிரையில இருந்து செய்யலாம்," என்றான் அவன். சொல்லிவிட்டு முன்னால் நடந்தான். எனக்கு அது திட்டியதை விட மோசமாக இருந்தது.

மறு நாள் காலையில் நட்டுக் கழற்றும் சாவிகளோடு போனேன். எலேனா ஐஸில் இருந்தாள். டீச்சர் ஓரமாக நின்று கையைத் தட்டித் தட்டி நேரம் சொன்னாள். இசை ஓடியது. விட்டு விட்டுச் செய்கிற பழக்கம் இல்லை இது, தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே ஓட்டம். நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே நகரசபை அதிகாரி பின்னறைக்குப் போய் சுவிச்சில் கையை வைத்தார். கடதாசி முடிந்துவிட்டது, ஒரு பிள்ளைக்காகக் கரண்ட் எரிக்க ஏலாது, அவள் சுற்றி முடிக்கட்டும், இப்போதே நிறுத்தினாலும் ஐஸ் உடனே உருகாதுதானே என்றார்.

"கைய எடு!" என்று கத்தினேன். இசையையும் மீறிக் கேட்டிருக்கும். டீச்சர் திரும்பிப் பார்த்தாள்.

ஏன் கத்தினேன் என்று இஸ்மாயில் இன்றைக்கும் கேட்கிறான். நம் கரையில் கரைவலைக்கு ஒரு முறை இருக்கிறது. ஒருவன் வலையை வளைத்துக் கடலில் போட்டுவிட்டால், அது கரையேறும் வரைக்கும் அடுத்தவன் தோணியைத் தள்ளக் கூடாது. கண்ணுக்கு முன்னால் மீன் கூட்டம் கொதிக்கும். கை அரிக்கும். நிற்க வேண்டும். பக்கத்து ஊர் பாண்டிருப்பு ஆளின் வலையென்றாலும் நிற்போம், நம் வலைக்கு அவர்களும் நிற்பார்கள். பல தோணி வைத்த சம்மாட்டி, ஒற்றைத் தோணிக்காரன் என்ற பேதம் கிடையாது. கிடக்கிற வலையைக் குறுக்கே அறுத்தவனுக்குப் பிறகு அந்தக் கரையில் முகம் இல்லை. அந்தப் பிள்ளை இசையோடு சுற்றி வந்ததைப் பார்த்ததும் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. அவளுடைய வலை கடலில் கிடக்கிறது. நான் தோணியைத் தள்ளப் போகிறேன்.

அந்தோனிக்குச் சொன்னேன். நீர்கொழும்புக்காரன், உடனே விளங்கிவிட்டது. அவன் கையை விரித்து, வலையை வளைத்து, கயிற்றை இழுத்து நடித்துக் காட்டினான். அதிகாரி எங்கள் இருவரையும் பைத்தியங்களாகப் பார்த்தார்.

"ஓடுற மெஷின்தான் நான் வாங்கினன்," என்றேன். "மாத முடிவு வரைக்கும் எடுக்கலாம் எண்டு உங்கட கடதாசியிலயே இரிக்கி. அதுவரைக்கும் ஓடணும். நிப்பாட்டினா எனக்கு வேணாம். நீங்களே வெச்சிப் பாருங்க."

கையை எடுத்தார். எடுத்த கையால் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

கப்பல் போய்விடும். தபாற்கந்தோருக்குப் போய் இஸ்மாயிலுக்குத் தந்தி அடித்தேன்: வலை கடலில், பொறுத்து வாறேன். இரண்டு நாளில் பதில் வந்தது: யாருடைய வலை? நான் பதில் போடவில்லை. தந்தியில் சொல்லக்கூடிய விஷயமா அது?

அந்த இரண்டு கிழமையும் மெஷினுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். அவர்கள் தரும் கோப்பி சுண்டுவிரல் முழுகாத கோப்பையில் வரும், நாக்கு நனைய முன்னம் முடிந்துவிடும். அந்தோனி பெரிய குவளையில் பிளேன்டீ கொண்டு வருவான். எலேனா ஓய்வில் பின்னறைக் கதவில் சாய்ந்து நின்று வலையைப் பற்றிக் கேட்பாள். கயிற்றில் கை வைத்தவன் எவனென்றாலும், வழியில் போன ஆளென்றாலும், அவனுக்கு ஒரு பங்கு மீன் உண்டு என்றதை அவள் நம்பவில்லை.

"தெரியாத ஆளுக்குமா?"

"இழுத்தா ஆள் தெரிஞ்ச மாதிரித்தான்," என்றேன். டீச்சர் அப்போதும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு நாள் அவித்த முட்டை இரண்டை வைத்துவிட்டுப் போனாள்.

தேர்வுக்குப் பெரிய பட்டணத்துக்கு பஸ்ஸில் போனோம். போகும் வழியில் சக்கரச் சங்கிலி அறுந்து பஸ் பனிக்குள் புதைந்தது. சாரதி சிகரட் பற்ற வைத்துக்கொண்டு, இழுவை வண்டி வரும் என்றான். எப்போது என்றேன். தோளைக் குலுக்கினான். சியம்பலாண்டுவைப் பாதையில் நம் பஸ் சேற்றில் இறங்கினால் சாரதி முதலில் குதிப்பான், பிறகுதான் மற்றவர்கள். நான் பெட்டி கட்டியிருந்த வடத்தை அவிழ்த்து முன்னால் கட்டினேன். "எல்லாரையும் இறங்கச் சொல்லு," என்று அந்தோனியிடம் சொன்னேன். இறங்கினார்கள், கிழவர்களும் கூட. எலேனாவும் வந்தாள். டீச்சர் அவளைக் கயிற்றைத் தொட விடவில்லை. நான் வலை இழுக்கும் அம்பாப் பாட்டுச் சொன்னேன், அந்தோனி தன் ஊர் அம்பாவால் பதில் சொன்னான். மூன்றாவது இழுப்பில் பஸ் எழும்பியது. இத்தாலிக்காரர்கள் கை தட்டினார்கள். சாரதி மட்டும் சிகரட்டை முடித்தான்.

போட்டி மண்டபத்தில் எனக்கு யாரையும் பிடிக்கவில்லை. சென்ட் வாசம், உரோம மேலங்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் நான்கு ஆட்கள். எலேனாவுக்குப் பின்னால் டீச்சரும், கோப்பை கழுவுகிறவனும், ஐஸ் வியாபாரியும். அவள் முறை வந்தது. முதல் துள்ளலிலேயே விழுந்தாள்.  அவள் எழும்பிய வேகம் எனக்குத் தெரிந்த வேகம்தான். இசை அவளுக்காக நிற்கவில்லை, ஓடிப் பிடித்தாள். அந்தப் பொல்லாத துள்ளல் முடிவில் மறுபடி வந்தது. பின்பக்கமாக வந்தாள், எழும்பினாள், சுற்றினாள், ஒற்றைக் காலில் இறங்கி நின்றாள். நின்றே விட்டாள். அந்தோனி என் கையைக் கிள்ளி இரத்தம் கன்ற வைத்துவிட்டான்.

நாலாவது இடம். எடுப்பது மூன்று பேரை.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் சப்பாத்துக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.  அவளுக்குச் சமாதானம் சொல்ல நான் பழகினவன் இல்லை. வலை இழுத்தால் மீன் படத்தான் வேண்டும் என்று எந்தக் கரையிலும் சட்டமில்லை. ஆனால் அதை அன்றைக்குச் சொல்லக் கூடாது என்றளவுக்கு எனக்கும் புத்தி இருக்கிறது.

அடுத்த நாள் மெஷினை நிறுத்தினேன். அமோனியாவை இறக்கி, குழாய்களைக் கழற்றி, சங்கிலி மாட்டி மெஷினைத் தூக்க வேண்டும். நானும் அந்தோனியும் கூலிக்கு வந்த இரண்டு பேரும் நின்றோம். கதவு திறந்தது. எலேனா. முழங்கால் வீங்கி நொண்டிக்கொண்டு, கையில் தகப்பனின் ஆலைக் கையுறை.

"வீட்ட போகச் சொல்லு," என்றேன்.

அவள் கேட்கவில்லை. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அந்தோனி சிரித்தான்.

"நீங்க பொறுத்தீங்களாம். இப்ப உங்கட வலையாம். கயித்தில கை வெச்சா பங்கு உண்டு எண்டு நீங்கதான் சொன்னீங்களாம். அவவுக்கு அவட பங்கு வேணுமாம்."

"இந்த இரும்பில என்ன பங்கு?"

"அது உங்கட பாடாம்."

இழுத்தாள். மெஷின் தரையை விட்டு எழும்பும்போது அவள் முகத்தில் தேர்வில் கண்ட அதே பிடிவாதம். போகும்போது மண்டபத்துத் தரையை ஒரு தடவை பார்த்தாள். ஐஸ் தண்ணீராகத் தொடங்கியிருந்தது. தொழிற்சாலைக்குப் போவதா என்று கேட்கச் சொன்னேன். இல்லையாம். பட்டணத்து மண்டபத்தில் சப்பாத்து வாடகைக்குக் கொடுக்கிற வேலை கேட்டிருக்கிறாளாம். காலையில் கதவு திறக்குமுன் ஐஸ் சும்மா கிடக்கும்தானே என்றாள். கால் நீண்டால்? நீண்ட காலுக்கு வேறு துள்ளல் பழகுவாளாம்.

அடுத்த கப்பல் பிந்தியது. கொழும்புத் துறைமுகத்தில் மெஷின் மாதக் கணக்கில் கிடந்தது. அங்கே நான் பிடித்த சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகம் வேண்டும். லொறியில் கல்முனைக்கு வந்தபோது பாதிச் சீசன் போய்விட்டது. தூர ஊர் ஐஸ் லொறிக்காரன் எங்கள் வாசலில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போவான்.

"ஒரு பொம்புளப் புள்ள வழுக்கி விளையாட நம்மட சீசனக் குடுத்திட்டு வந்திரிக்காய்," என்றான் இஸ்மாயில். "அவ வெண்டாளா எண்டா அதுவுமில்ல!"

"வலை கிடந்திச்சி, நிண்டன். நீ எண்டா அறுத்திருப்பியா?"

அவன் குழாயை ஒட்டப் போனான். அறுத்திருக்க மாட்டான். அவன் வாப்பா கரைவலைச் சம்மாட்டி.

மெஷின் ஓடத் தொடங்கியது நோன்பு மாதத்தில். சரியான வெயில். அஸர் தொழுகை முடிந்த கையோடு முதல் ஐஸ் கட்டி பெட்டியிலிருந்து வழுக்கி வெளியே வந்தது. வாசலில் மீன்காரர்கள் வரிசையாக நின்றார்கள். இஸ்மாயில் கொக்கியைப் போட்டு முதல் ஆளின் பக்கம் இழுத்தான்.

"வை அத," என்றேன். "அது பங்கு."

"ஆர்ர பங்கு?"

"கயித்தில கை வெச்ச ஆள்ர."

அவன் என்னைப் பார்த்தான். கொக்கியைக் கழற்றினான். வரிசையில் நின்றவர்களும் வழி விட்டார்கள். பங்கு என்றால் பங்குதான். ஆனால் பங்குக்காரி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், ஐஸ் யாருக்காகவும் பொறுக்காது. உமி தூவிச் சாக்கால் மூடிக் கைவண்டியில் ஏற்றிப் பள்ளிவாசலுக்குத் தள்ளிப்போனேன்.

மோதினார் நோன்பு துறக்கச் சர்பத் கரைத்துக்கொண்டிருந்தார். கட்டியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "ஆர்ர பேரில மனே?"

"எலேனா."

"நம்மட ஜமாஅத்தில அப்பிடி ஒரு பேர் இல்லையே."

"இல்ல. வல இழுத்த ஆள்."

"எந்த வல?"

"பெரிய வல. மீன் படல்ல."

அவர் ஐஸைத் தட்டிப் பார்த்தார். "மீன் படாத வலைக்கு இவ்வளவு பெரிய பங்கா?"

"இன்னும் இழுத்துக்கொண்டுதான் இரிக்கா," என்றேன்.

மோதினார் சுத்தியலை எடுத்தார். கட்டியை உடைத்துச் சர்பத் அண்டாவுக்குள் போட்டார். சனம் வரிசையாக உட்கார்ந்தது. பிறகு அவர் எழும்பிப் போய்ப் பாங்கு சொன்னார், முழுப் பள்ளியும் அவளுடைய பங்கைக் குடித்தது.